நிரலில் பிறக்கும் இசை

இசையமைக்க விரும்பும் பதின்ம வயதினர் பலருக்கு இசைக்கருவியே முதல் தடையாகிறது. பியானோ வாங்கப் பணம் வேண்டும். வயலின் பழகப் பல ஆண்டுகள் வேண்டும். இவ்விரண்டும் வாய்க்காதவர் இசையமைக்கவே முடியாதா?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம் இதற்குக் கணினி வழியாக விடை கண்டது. அங்குப் பேராசிரியர்கள் ஜேசன் ஃபிரீமன், பிரையன் மகெர்கோ ஆகியோரின் தலைமையில் ‘இயர்ஸ்கெட்ச்’ என்னும் இலவச மென்பொருள் உருவானது. கோடை விடுமுறை முகாம்களிலும் பள்ளி வகுப்புகளிலும் மாணவர்கள் இதன்வழி இசையமைக்கின்றனர். ‘நிரலாக்கம் எனக்கு வராது’ என ஒதுங்கும் மாணவர்களையும் இசையின் துணையால் கணினித் துறைக்கு ஈர்ப்பதே இதன் நோக்கம்.

கணினியில் இசை எழுப்புவது புதிதன்று. 1957ஆம் ஆண்டில் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல், 17 வினாடி நீளமுள்ள இசையை ஒலிக்கச் செய்தது. அன்று அறிவியலாளர்கள் மட்டுமே நெருங்க முடிந்த பெருங்கணினியில் நடந்ததை இன்று மாணவர்கள் மடிக்கணினியில் செய்கின்றனர்.

இயர்ஸ்கெட்சில் மேளம், கிட்டார் முதலியவற்றின் ஒலித்துணுக்குகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. மாணவர் அவற்றைப் பைத்தான் அல்லது ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் கட்டளை எழுதிக் கோக்கிறார். எந்த ஒலி, எந்தத் தடத்தில், எந்தத் தாளச் சுற்றில் தொடங்கி எங்கு முடிய வேண்டும் என்பதை ஒரே வரியில் குறிப்பிடலாம்.

தாளத்தைக் குறிகளால் அமைக்கலாம். ‘0’ என்றால் ஒலி தொடங்கும்; ‘+’ என்றால் நீளும்; ‘-’ என்றால் அமைதி. நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு 16 குறிகள். ‘0+++’ என்பதை நான்கு முறை எழுதினால் சீரான நான்கு தட்டுகள் கேட்கும். ஒரேயொரு 0 இடம் மாறினாலும் தாளத்தின் நடை மாறிவிடும்.

நிமிடத்திற்கு 120 தட்டுகள் என்னும் வேகத்தில் ஒரு சுற்று 2 வினாடி நீடிக்கும். எனவே, ஒரு நிமிடப் பாடலுக்கு 30 சுற்றுகள் தேவை. இதற்கு முப்பது வரிகள் எழுத வேண்டியதில்லை. ‘மீண்டும் செய்’ என்னும் சுழற்சிக் கட்டளை போதும். ஆயினும், ஒரே தாளத்தை முப்பது முறை ஒலிக்கக் கணினி சலிப்பதில்லை, கேட்பவர் சலித்துவிடுவார். ஆகவே, ‘ஒவ்வொரு நான்காவது சுற்றிலும் மேளத்தை மாற்று’ என மாணவர் நிபந்தனை ஒன்றைச் சேர்க்கிறார். பாடநூலில் கடினமாகத் தோன்றிய நிபந்தனைக் கட்டளையின் தேவையை இங்கே அவரது செவியே உணர்த்துகிறது.

நிரலில் எழுத்துப்பிழை இருந்தால் கணினி உடனே சுட்டிக்காட்டும். நிரல் பிழையின்றி ஓடியும் இசை இனிமையாக இல்லாவிட்டால், கணினி எதுவும் சொல்லாது. அந்தக் குறையை மாணவரே கேட்டு உணர்ந்து திருத்த வேண்டும். ஒரே ஒலித்துணுக்குகளை இருவரிடம் கொடுத்தாலும் இரு வேறு பாடல்கள் பிறப்பது இதனால்தான். கட்டளையை நிறைவேற்றுவது கணினி; எதை ஒலிக்கச் செய்வது, எங்கு நிறுத்துவது என முடிவு செய்பவரே இசையமைப்பாளர்.