ஒட்டுக் கட்டும் முறைகள்: எந்த மரத்துக்கு எது?

கூனிமேடு போன்ற உப்பளக் கடலோர ஊர்களில் 'ஒட்டுதல்' பாடத்தை நடத்தப் பாடநூல் படங்களோடு நின்றுவிட வேண்டியதில்லை. சப்போட்டா, முந்திரி, தென்னை மூன்றும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

ஒட்டுச் செடியில் வேர் தருவது வேர்ச்செடி. காய் தருவது தாய்க்குச்சி. இரண்டின் கேம்பியத் திசுக்களும் தொட்டு இணைந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். அதுவரை தாய்க்குச்சி காயாமல் எப்படிக் காக்கப்படுகிறது? முறைகளை ஒப்பிட இந்த ஒரு கேள்வி போதும்.

நெருக்கு ஒட்டு: சப்போட்டாவுக்கு உரியது. தொட்டியிலுள்ள வேர்ச்செடியைத் தாய்மரக் கிளையருகே வைத்து, இரண்டிலும் பட்டையைச் சீவிச் சேர்த்துக் கட்டுவர். இணையும்வரை கிளை தாய்மரத்திலேயே இருப்பதால் காயாது. ஆனால் சில மாதங்கள் தொட்டிக்குத் தொடர்ந்து நீரூற்ற வேண்டும். சப்போட்டா மத்திய அமெரிக்க மரம். அதைத் தாங்கும் வேர்ச்செடியோ வறட்சி தாங்கும் நம் பாலை. சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காடுகளுக்குரிய மரம் அது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் இணைகின்றன.

இளந்தண்டு ஒட்டு: முந்திரிக்கு உரியது. சுமார் இரண்டு மாத நாற்றின் நுனியை வெட்டிப் பிளந்து, ஆப்புப் போலச் சீவிய குச்சியைச் செருகிப் பாலித்தீன் நாடாவால் கட்டுவர். குச்சியின் இலைகளை ஒரு வாரத்துக்கு முன்பே கிள்ளிவிடுவதால் நீரிழப்பு குறைகிறது. குறைந்த இடத்தில் நிறையச் செடிகள் கிடைக்கும்.

நாக்கு ஒட்டு: மலைப்பகுதிப் பேரிக்கு ஏற்றது. குளிர்காலத்தில் பேரி இலையுதிர்த்து உறங்கும்போது கட்டுவதால் குச்சி எளிதில் காயாது. சம பருமனுள்ள இரு தண்டுகளையும் சாய்வாக வெட்டி, நாக்குப் போன்ற பிளவுகளை ஒன்றுக்குள் ஒன்று பூட்டுவர்.

தென்னைக்கும் பனைக்கும் ஏன் ஒட்டுக் கட்டுவதில்லை என்று மாணவரிடம் கேளுங்கள். அவை ஒருவித்திலைத் தாவரங்கள். கேம்பிய வளையம் இல்லை. இந்த விடையை அவர்களே கண்டடையட்டும்.

செய்முறைக்கு இரு நிறச் செம்பருத்திகள் போதும். கத்தி ஆசிரியர் கையில் இருக்கட்டும். கட்டுவதை மாணவர் செய்யலாம்.

பள்ளித் தோட்டத்தில் சப்போட்டா ஒட்டுச் செடி நட்டால், ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே துளிர்ப்பது பாலை. அதை அவ்வப்போது கிள்ளாவிட்டால் மேலேயுள்ள சப்போட்டா நலிந்து, சில ஆண்டுகளில் பாலை மரம் மட்டுமே மிஞ்சும். வாரம் ஒருமுறை இதைக் கவனிக்கும் பொறுப்பை ஒரு மாணவர் குழுவிடம் ஒப்படைக்கலாம்.