உளவியலாளர் உரிமம்: மணிக்கணக்கும் டாலர் கணக்கும்

அமெரிக்காவில் ஒருவர் உளவியலாளர் என்று பெயர்ப்பலகை மாட்டலாமா என்பதை மாநில அரசுகளே முடிவு செய்கின்றன. இதற்கான முதல் சட்டத்தை 1945இல் கனெக்டிகட் இயற்றியது. கடைசியாக 1977இல் மிசௌரி வந்து சேர்ந்தது. 50 மாநிலங்களும் ஒரு வழிக்கு வர 32 ஆண்டுகள் பிடித்தன. அப்போதும் எல்லாம் உறுதிப்பட்டுவிடவில்லை. புளோரிடாவின் சட்டம் 1979இல் காலாவதியாகி 1981இல்தான் மீண்டது. நடுவில் உளவியலாளர் என்ற பட்டத்தை யார் போட்டுக்கொண்டாலும் கேட்க உரிமச் சட்டம் இல்லை.

இன்று ஓர் உரிமம் என்ன விலைக்கு வருகிறது? ஒவ்வொரு இனமாகப் பார்ப்போம்.

படிப்பு

பெரும்பாலான மாநிலங்கள் முனைவர் பட்டம் கேட்கின்றன. பொதுவாக அதற்கு 5 முதல் 7 ஆண்டுகள் ஆகும். மேற்கு வர்ஜீனியா, வெர்மான்ட் போன்ற ஒருசில மாநிலங்களில் முதுகலைப் பட்டத்தோடும் உரிமம் வாங்க முடியும்.

தேர்வு

எல்லா மாநிலங்களுக்கும் பொதுவானது ஒன்று உண்டென்றால் அது இ.பி.பி.பி. தேர்வுதான். மாநில, மாகாண உளவியல் வாரியங்களின் சங்கம் 1965 முதல் இதை நடத்துகிறது.

கேள்விகள்: 225
மதிப்பெண் உள்ளவை: 175
நேரம்: 4 மணி 15 நிமிடம்
தேர்ச்சி: 200–800 அளவுகோலில் 500
கட்டணம்: 600 டாலர், தேர்வு மையத்துக்குத் தனியாக ஏறத்தாழ 90 டாலர்

வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 68 வினாடியும் 3 டாலருக்குச் சற்று மேலும் விழுகின்றன. மதிப்பெண் இல்லாத 50 கேள்விகள் பிற்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை. அந்தச் சோதனைக்குத் தேர்வர் தரும் பங்கு ஏறத்தாழ 153 டாலர். தோற்றால் மறுபடி முழுக் கட்டணம்.

2020இல் திறனை அளக்கும் இரண்டாம் பகுதி ஒன்று வந்தது. அதற்குக் கட்டணம் 450 டாலர். 2026 ஜனவரி முதல் அதைக் கட்டாயமாக்கப்போவதாகச் சங்கம் அறிவித்திருந்தது. எதிர்ப்பு வலுக்கவே 2024இல் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது.

மேற்பார்வையில் பணி

கணக்கு கனப்பது இங்கேதான். கலிபோர்னியா 3,000 மணி கேட்கிறது. அதில் 1,500 மணியாவது பட்டத்துக்குப் பின் செய்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் 44 மணிக்கு மேல் கணக்கில் சேராது என்பதால், ஒரு நாளும் விடுப்பு எடுக்காதவருக்கும் 68 வாரங்களுக்குக் குறையாது. வேலை நேரத்தில் 10 சதவீதம் மேற்பார்வையில் கழிய வேண்டும். மொத்தத்தில் அது 300 மணி. இவற்றோடு மாநிலச் சட்டம், தொழில்நெறி பற்றிய தனித் தேர்வு வேறு: 125 கேள்விகள், இரண்டரை மணி.

டெக்சாஸும் நியூயார்க்கும் கேட்பது 3,500 மணி. வாஷிங்டன் மாநிலமோ பட்டத்துக்குப் பின் தனியே பயிற்சி வேண்டியதில்லை என்கிறது.

தொடர்செலவு

உரிமம் வந்தபின்னும் கலிபோர்னியாவில் 2 ஆண்டுக்கு 36 மணி தொடர்கல்வி உண்டு. 30 ஆண்டு தொழில் செய்பவருக்கு அது 540 மணி.

எல்லை தாண்டினால்

இ.பி.பி.பி. மதிப்பெண் மாநில எல்லையைச் சிக்கலின்றிக் கடக்கும். பயிற்சி மணிகள் அப்படிக் கடப்பதில்லை. வேறு மாநிலத்தில் 5 ஆண்டு உரிமத்தோடு தொழில் செய்தவருக்குக் கலிபோர்னியா சலுகை தருகிறது. பட்டத்துக்கு முன்பே பயிற்சியை முடித்துவிட்டு வாஷிங்டனில் நேற்று உரிமம் வாங்கியவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கணக்கில் 1,500 மணி துண்டு விழும்.

இந்தத் தடையைத் தளர்த்த வந்ததுதான் சைபாக்ட் என்னும் மாநிலங்களிடை ஒப்பந்தம். 2016இல் அரிசோனா முதலில் சேர்ந்தது. 7 மாநிலங்கள் சேர்ந்தால் நடைமுறைக்கு வரும் என்பது விதி. ஏழாவதாக ஜார்ஜியா 2019இல் சேர்ந்தது. இப்போது 40க்கும் மேற்பட்ட ஆட்சிப்பகுதிகள் இதில் உள்ளன. ஏறத்தாழ 440 டாலர் கட்டினால் உறுப்பு மாநிலங்கள் அனைத்திலும் உள்ளவர்களுக்குக் காணொளியில் சிகிச்சை தரலாம். தனி அனுமதி பெற்றால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஆண்டுக்கு 30 நாள் நேரில் போய்ப் பணி செய்யலாம். பெரிய மாநிலங்களான கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 தொடக்கம்வரை வெளியேதான் நின்றன.

இத்தனை மாநிலங்கள் இணங்கியதற்குக் காரணம், ஒப்பந்தம் எவருடைய மணிக்கணக்கிலும் கை வைக்கவில்லை என்பது. உரிமம் உள்ளவரின் பாதையை அது சுருக்கியது. உரிமம் தேடுபவரின் பாதை இருந்தபடியே இருக்கிறது. கலிபோர்னியாவுக்கும் டெக்சாஸுக்கும் உள்ள இடைவெளி 500 மணி. வாரம் 40 மணி என்று வைத்தால் பன்னிரண்டரை வாரம். அந்த வாரங்கள் பயிற்சியாளரின் குறைந்த ஊதியத்தில் கழிபவை. 600 டாலர் தேர்வுக் கட்டணத்தைப் பற்றி நடக்கும் வாதத்தில் பாதியாவது இந்த 500 மணியைப் பற்றி நடந்தால், புதிதாக வருபவருக்கு மிச்சமாவது அதிகம்.