வாக்குரிமையும் நிகழ்தகவும்

பலர் கூடி எடுக்கும் முடிவு, ஒருவர் தனித்து எடுக்கும் முடிவைவிடச் செம்மையானதா? மக்களாட்சிக்கு அடிப்படையான இவ்வினாவுக்குக் கணிதத்தின் துணைகொண்டு விடை தேடியவர் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே. பெரும்பான்மை முடிவுகளை நிகழ்தகவு வழியில் ஆராயும் அவருடைய நூல், பிரெஞ்சுப் புரட்சிக்கு நான்கு ஆண்டுகள் முன்னர், 1785இல் வெளிவந்தது. அதில் அவர் நிறுவிய தேற்றம், தேர்தல் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

இரண்டு விடைகளுள் ஒன்றே சரியானது எனக் கொள்வோம். மூவர் வாக்களிக்கின்றனர், ஒவ்வொருவரும் சரியான விடையைத் தேர்வதற்கான நிகழ்தகவு 0.6. மூவருமே சரியாகத் தேரும் வாய்ப்பு 0.216. எவரேனும் இருவர் மட்டும் சரியாகத் தேரும் வாய்ப்பு 0.432. இரண்டையும் கூட்டினால் 0.648. தனியொருவரின் 60 விழுக்காடு, மூவர் கூடியதும் ஏறத்தாழ 65 விழுக்காடாகிறது. ஐவர் கூடினால் 68. 101 பேர் கூடினால் 97 விழுக்காட்டையும் தாண்டுகிறது. தனி மனிதரின் சிறு தெளிவு, பெருந்திரளில் பேராற்றலாகப் பெருகுகிறது.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். ஒவ்வொருவரின் நிகழ்தகவும் 0.4 ஆகக் குறைந்தால், மூவரின் பெரும்பான்மை சரியாக அமையும் வாய்ப்பு 35 விழுக்காடே. 101 பேரிடத்தில் அது 3 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். பொய்ச் செய்தியை நம்பிய கூட்டம் பெருகப் பெருகத் தவறு உறுதிப்படுகிறது. தேற்றம் மற்றொன்றையும் வேண்டுகிறது: ஒவ்வொருவரும் தாமே எண்ணித் துணிதல் வேண்டும். நூறு பேரும் ஒருவரையே பின்பற்றினால், வாக்குகள் நூறாயினும் அறிவு ஒன்றுதான்.

இவ்வுண்மையை வகுப்பறையில் ஒரே பாடவேளையில் மெய்ப்பிக்கலாம். காவிரி மிகுதியான தொலைவு பாய்வது கருநாடகத்திலா, தமிழ்நாட்டிலா என்று ஆசிரியர் கேட்கட்டும். முதலில் மாணவர் ஒருவரோடொருவர் பேசாமல் தாளில் எழுதி, மடித்து, பெட்டியில் இடட்டும். அடுத்து, வகுப்பில் முதன்மை பெறும் மாணவர் எழுந்து தம் விடையை உரக்கச் சொன்னபின் கைதூக்கி வாக்களிக்கட்டும். எத்தனை கைகள் அவர் பக்கம் சாய்கின்றன என்பதை எல்லாரும் காண்பர். மூன்றாவதாக, நிலவரைபடத்தின் மீது ஆற்றின் வளைவுகளோடு நூலை ஒட்டிவைத்து, தலைக்காவிரியிலிருந்து மாநில எல்லை வரையும், அங்கிருந்து பூம்புகார் வரையும் அளந்தபின் மீண்டும் எழுதிப் பெட்டியில் இடட்டும். தமிழ்நாட்டுப் பகுதியே நீளமானது என்பதை நூல் காட்டிவிடும். மூன்று வாக்கெடுப்பின் முடிவுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதினால், மறைவான வாக்கெடுப்பின் தேவையும் சான்றின் வலிமையும் மாணவர் உள்ளத்தில் பதியும்.

வரைபடமும் நூலும் செய்த பணியைத் தேர்தலில் செய்வது வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரம். வேட்பாளரைப் பற்றி அறிவது வாக்காளரின் உரிமை என 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பயனாக, வேட்பாளர் தம்மீதுள்ள குற்ற வழக்குகள், தம் குடும்பத்தின் சொத்து, கடன், தம் கல்வித் தகுதி ஆகியவற்றைப் படிவம் 26இல் உறுதிமொழியிட்டு அளித்தாக வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் அதைப் படிக்கலாம். தம் தொகுதியில் போட்டியிட்ட இருவரின் பத்திரங்களை மாணவர் ஒப்பிட்டு அட்டவணை வரைவது, அரசியலமைப்பின் உறுப்புகளை மனப்பாடம் செய்வதினும் பன்மடங்கு பயனுடையது.

தேர்தலில் எழும் வினாக்கள் அனைத்துக்கும் சரியான விடை ஒன்றே இருப்பதில்லை. ஊருக்கு முதலில் வேண்டுவது சாலையா, மருத்துவமனையா என்பது அவரவர் தேவையையும் மதிப்பீட்டையும் பொறுத்தது. ஆனால் ஒருவர் மீது வழக்கு உண்டா, அவர் சொன்ன திட்டம் நிறைவேறியதா என்பன சான்று கொண்டு தீர்க்கத்தக்கவை. இவ்விரு வகையையும் பிரித்தறியக் கற்பிப்பதே ஆசிரியரின் கடமை. எதை உயர்வாக மதிப்பது என்னும் தேர்வை அவர் மாணவரிடமே விட்டுவிட வேண்டும். தம் கட்சிச் சார்பைப் பாடத்தில் கலத்தல் ஆகாது.

அரசியலமைப்பின் 61ஆம் திருத்தத்தால், 1989 முதல் வாக்குரிமைக்குரிய அகவை 21இலிருந்து 18 ஆகக் குறைந்தது. 17 அகவை நிறைந்தோர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் இன்று வழி உண்டு. ஆகவே, பலருக்கு வாக்குரிமைக்கு முந்திய கடைசிக் கல்விக்கூடம் பள்ளிதான். 0.4ஐ 0.6 ஆக உயர்த்தும் வாய்ப்பு அங்கேதான் உள்ளது. தேர்வுக்கு வாராத பகுதி என்று தேர்தல் பாடத்தைத் தள்ளிவைக்கும் பள்ளி, மாணவரின் மதிப்பெண்ணைக் காக்கலாம்; நாட்டின் தீர்ப்பைக் காக்க இயலாது.