முள்கம்பி, வெடி, ‘7 முறை ஓய்வு’... ஜப்பானின் டெத்மேட்ச் நாயகன் ஓனிடா சாதித்தது என்ன?

1993 மே 5. ஜப்பானின் கவாசாகி ஸ்டேடியம். மைதானத்தின் நடுவே ஒரு மல்யுத்த ரிங். ஆனால், அதில் கயிறு இல்லை. கயிறு இருக்க வேண்டிய இடத்தில் முள்கம்பி. முள்கம்பியில் சின்னச் சின்ன வெடிகள். போதாக்குறைக்கு, குறிப்பிட்ட நேரத்தில் ரிங்கே வெடிக்கும் என்ற அறிவிப்பு வேறு.

போட்டி முடிந்துவிட்டது. ஜெயித்தவர் அட்சுஷி ஓனிடா. தோற்றவர் அமெரிக்காவின் டெர்ரி ஃபங்க். வெடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். ஓனிடா வெளியே வந்துவிட்டார். ஃபங்க் மட்டும் எழவில்லை. ஓனிடா திரும்ப ஓடுகிறார். ஃபங்கை எழுப்பிப் பார்க்கிறார், முடியவில்லை. கடைசியில் அவர் மேலேயே படுத்து, தன் உடம்பால் மூடிக்கொள்கிறார். ரிங் வெடிக்கிறது.

இது முன்கூட்டியே திட்டமிட்ட காட்சி என்பது ரசிகர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனாலும் அழுதார்கள். ஏன் அழுதார்கள் என்று புரிந்துகொண்டால், ஓனிடாவைப் புரிந்துகொள்ளலாம்.

டெத்மேட்ச் என்றால் என்ன?

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யாரும் சாகும்வரை அடித்துக்கொள்வதில்லை. நம்ம ஊரில் டிவியில் பார்த்த டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரியேதான்: யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது. வித்தியாசம், பயன்படுத்தும் பொருட்களில். முள்கம்பி, நெருப்பு, கண்ணாடி, வெடி என்று எதுவும் வரும்.

முடிவு எழுதி வைத்தது. ரத்தம் எழுதி வைத்ததல்ல. முள் உண்மையிலேயே கிழிக்கும். வெடிகளைப் பொறுத்தவரை, சேதத்தைவிட சத்தமும் வெளிச்சமும் புகையும்தான் அதிகம். ஆனால், அருகில் இருப்பவருக்குத் தீக்காயம் படாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

யார் இந்த ஓனிடா?

1957-ல் நாகசாகியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே, ஜயன்ட் பாபா நடத்திய ஆல் ஜப்பான் நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1974-ல், 16 வயதில் அறிமுகம். பிறகு பயிற்சிக்காக அமெரிக்கா அனுப்பப்பட்டார். அங்கே 1981-ல் டுப்பலோ என்ற ஊரில் ஒரு போட்டி, ரிங்கைத் தாண்டி தின்பண்டக் கடை வரை போய், கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்துக்கொள்வதில் முடிந்தது. மல்யுத்த ரசிகர்கள் இன்றும் பேசும் அந்தச் சண்டையில் ஓனிடாவும் இருந்தார். ஒழுங்கு உடைந்தால் கூட்டம் எப்படிக் கொதிக்கும் என்பதை அங்கே கண்ணெதிரே பார்த்தார்.

1982-ல் சாவோ குரேரோவை வீழ்த்தி ஜூனியர் பிரிவு பட்டம் வென்றார். வேகமும் பாய்ச்சலும்தான் அன்று அவருடைய அடையாளம். எதிர்காலம் பிரகாசமாக இருந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

1983-ல் ஒரு சாதாரணப் போட்டி. அது முடிந்து ரிங்கிலிருந்து கீழே குதித்தபோது கால் வழுக்கியது. இடது முழங்கால் நொறுங்கிப்போனது. மீண்டும் முயன்றும் பழைய வேகம் வரவில்லை. 1985-ல், 27 வயதிலேயே ஓய்வு. அதுதான் முதல் ஓய்வு!

சில ஆண்டுகள் கழித்து மறுபடி மல்யுத்தம் பக்கம் திரும்பினார். அப்போது ஜப்பானில் ‘நாங்கள் காட்டுவதுதான் நிஜச் சண்டை’ என்று சொல்லிக்கொண்ட யு.டபிள்யூ.எஃப். நிறுவனத்துக்கு ஏக மவுசு. அங்கே சவால்விடப் போன ஓனிடாவை, ‘டிக்கெட் இருக்கா?’ என்று கேட்டே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது ஜப்பான் ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை.

1989-ல் சொந்தமாக எஃப்.எம்.டபிள்யூ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கையில் இருந்தது வெறும் 50,000 யென் என்பது அவர் தரப்பு சொல்லும் கணக்கு. பெரிய நிறுவனங்களிடம் டிவி ஒளிபரப்பு இருந்தது, நட்சத்திரங்கள் இருந்தார்கள். ஓனிடாவிடம் இரண்டுமே இல்லை. சரியாக வேலை செய்யாத ஒரு முழங்கால்தான் இருந்தது.

முள்கம்பி எப்படிக் கைகொடுத்தது?

இங்கேதான் ஓனிடாவின் மூளை வேலை செய்கிறது. வேகமாக ஓட முடியாது, உயரப் பாய முடியாது. அப்படியானால், மெதுவாக நடந்தாலே பார்ப்பவருக்குப் பதறும்படி ஒரு களம் வேண்டும்.

1990 ஆகஸ்ட் 4 அன்று, டோக்கியோவின் ஷியோடோமே பகுதியில் நடந்த போட்டி அதற்கு விடை. எதிராளி, கூட்டாளியாக இருந்து பகையாளியான டார்ஜான் கோட்டோ. கயிறுக்குப் பதிலாக, தொட்டால் வெடிக்கும் முள்கம்பி. இருவரும் ஒருவரை ஒருவர் கம்பியை நோக்கித் தள்ளுகிறார்கள். ஓர் அடி... இன்னும் அரை அடி... அவ்வளவுதான், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. வழக்கமான போட்டியில் யாரும் கவனிக்காத ஒரு தள்ளல், இங்கே உச்சக்காட்சி ஆகிவிட்டது.

டோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழ் அதை ஆண்டின் சிறந்த போட்டியாகவும், ஓனிடாவை ஆண்டின் சிறந்த வீரராகவும் தேர்வு செய்தது. நிறுவனம் தொடங்கி சுமார் ஒரு வருடமே ஆன நிலையில் நடந்த போட்டி அது.

பிறகு அரங்குகள் பெரிதாகின. லோட்டே பேஸ்பால் அணி காலி செய்துவிட்டுப் போன கவாசாகி ஸ்டேடியம், எஃப்.எம்.டபிள்யூ.வின் கோட்டை ஆனது. 1995 மே 5 அன்று, இளம் வீரர் ஹயபுசாவுடன் ஓனிடா மோதிய ‘ஓய்வு’ போட்டிக்கு 58,250 பேர் வந்ததாக அறிவிக்கப்பட்டது.

அவர் வெறும் ‘ரத்த வியாபாரி’தானா?

விமர்சனம் அன்றே இருந்தது. மல்யுத்தத் திறமை இல்லாதவர், குறுக்கு வழியில் பெயர் வாங்குபவர் என்றார்கள். அதில் பாதி உண்மை. நுட்பத்தில் அவரைவிடச் சிறந்தவர்கள் அன்றைய ஜப்பானில் பலர்.

ஆனால், ரத்தம் சிந்தியவர்களும் பலர்தான். அவர்களுக்காக ஸ்டேடியம் நிறையவில்லை. போட்டி முடிந்ததும் ஓனிடா மைக்கைப் பிடிப்பார், அழுவார், தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வார். ரசிகர்கள் முண்டியடித்து வந்து அவரைச் சூழ்வார்கள். வேலை போனவன், தோற்றுப்போனவன், இரண்டாவது வாய்ப்பு கிடைக்காதவன் எல்லோரும் அவரிடம் தங்களைப் பார்த்தார்கள். உடைந்த காலோடு திரும்பி வந்தது கதையல்ல, நிஜம். முடிவு தெரிந்தும் கண்ணீர் வந்ததற்குக் காரணம் அதுதான்.

யார் யார் விலை கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு அவரை மதிப்பிட முடியாது. 1992 மே மாதம் நடந்த ‘நெருப்பு’ போட்டியில், ரிங்கைச் சுற்றி எரிந்த தீ கட்டுக்கடங்காமல் போனது. சில நிமிடங்களில் வீரர்கள் உயிர் பிழைக்க வெளியே ஓட வேண்டியதாயிற்று. மூத்த வீரர் ‘தி ஷேக்’ தீக்காயங்களுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

பின்னால் வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிக் ஜப்பான் போன்ற நிறுவனங்களில் டியூப் லைட்டை உடம்பில் உடைப்பது வாடிக்கையானது. ஓனிடாவுக்குக் கிடைத்த கூட்டமோ பணமோ, சின்ன ஹால்களில் ரத்தம் சிந்திய பலருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு முரணையும் பார்க்க வேண்டும். ஓனிடாவின் வாரிசாகக் கருதப்பட்ட ஹயபுசா, 2001 அக்டோபரில் கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தார். காரணம் முள்கம்பி அல்ல, வெடியும் அல்ல. கயிற்றில் ஏறிப் பின்பக்கமாகப் பாயும்போது கால் தவறியதுதான். ஓனிடாவின் முழங்கால் போனதும் ஒரு சாதாரணக் குதிப்பில்தான். பார்க்கப் பயங்கரமாக இருப்பது ஒன்று, உண்மையில் ஆளை முடக்குவது வேறொன்று. மல்யுத்தத்தில் இரண்டும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை.

ஓனிடா விலகிய பிறகு எஃப்.எம்.டபிள்யூ. தடுமாறி, 2002-ல் மூடப்பட்டது. ஹயபுசா 2016-ல் காலமானார்.

‘ஓய்வு’ எத்தனை முறை?

இதுதான் அவர் பெயருக்கு விழுந்த பெரிய அடி. 58,250 பேர் கண்ணீரோடு வழியனுப்பிய 1995 ஓய்வு, 1996 டிசம்பரிலேயே முடிவுக்கு வந்தது. பிறகு ஓய்வு, திரும்பி வருதல், மறுபடி ஓய்வு. 2017 அக்டோபர் 31 அன்று நடந்தது 7-வது ஓய்வு. அடுத்த ஆண்டே மீண்டும் ரிங்கில் ஆள் ஆஜர்!

நடுவே வேறொரு வாழ்க்கையும் வாழ்ந்தார். நாற்பதைத் தாண்டிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார், பிறகு மெய்ஜி பல்கலைக்கழகம். 2001-ல் ஆளும் கட்சியான எல்.டி.பி. சார்பில் நாடாளுமன்ற மேலவைக்குத் தேர்வாகி, 2007 வரை உறுப்பினராக இருந்தார்.

திரும்பத் திரும்ப ஓய்வு அறிவித்தது ரசிகர்களை ஏமாற்றும் வேலை என்று கோபப்படுபவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ‘கடைசிப் போட்டி’ என்று நம்பி டிக்கெட் வாங்கியவர்களிடம் பொய் சொன்னதாகத்தானே அர்த்தம்?

இன்று என்ன மிச்சம்?

1995-ல் கவாசாகியில் வேறொரு நிறுவனம் நடத்திய டெத்மேட்ச் தொடரின் இறுதியில், டெர்ரி ஃபங்கை வென்றவர் மிக் ஃபோலி. அவரைத்தான் பிறகு உலகம் ‘மேன்கைண்ட்’ என்று கொண்டாடியது. ஓனிடா திறந்த பாதை அமெரிக்கா வரை போனதற்கு அது ஓர் அடையாளம்.

2021 மார்ச்சில், அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. நிறுவனம் அதே வெடிக்கும் முள்கம்பிப் போட்டியை நடத்தியது. கென்னி ஒமேகாவும் ஜான் மாக்ஸ்லியும் மோதினார்கள். கடைசியில் ரிங் வெடிக்க வேண்டிய நேரத்தில், மாக்ஸ்லியைக் காப்பாற்ற எட்டி கிங்ஸ்டன் ஓடிவந்து அவர் மேல் படுத்தார். அச்சு அசலாக 1993 காட்சி. ஆனால், வந்ததென்னவோ கம்பி மத்தாப்பு அளவுக்குப் பொறியும் புகையும்தான். இணையமே சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் ஓனிடாவுக்குக் கிடைத்த சரியான மதிப்பெண் என்று சொல்லலாம். முள்கம்பியையும் வெடியையும் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். அடுத்த நொடி நிஜமாகவே ஏதோ ஆகப்போகிறது என்று பல்லாயிரம் பேரை நம்பவைப்பது வேறு வேலை. ஏழு முறை பொய் சொன்ன ஒருவர்தான், அதை எல்லோரையும்விட நன்றாகச் செய்தார்.