அப்பீல் போனால் குறையுமா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் யார் எதற்குப் போகிறார்கள் என்று கண்டக்டரைக் கேட்க வேண்டியதில்லை. பூவும் தேங்காயும் இருந்தால் ஆண்டாள் கோயில். மஞ்சள் பையில் கட்டுக்கட்டாகக் காகிதம் இருந்தால் கோர்ட். கலெக்டர் விருதுநகரில் இருந்தாலும், மாவட்ட ஜட்ஜ் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில்தானே!

அன்றைக்கு மஞ்சள் பை என் மடியில். பை எங்கள் தெருப் பெரியம்மாவுடையது. அவர் தங்கை மகனுக்கு ஆள் கடத்தல், கொலை என்று ஆயுள் தண்டனை. "ரெண்டு லட்சம் குடுத்தா ஆறே மாசத்துல வெளிய கொண்டாந்துருவேன்னு ஒரு ஆளு சொல்றான்யா. வீட்டை அடகு வெக்கலாம்னு இருக்கேன். நீ எழுதுறவனாச்சே, தீர்ப்பைப் படிச்சுச் சொல்லு."

படித்தேன். இரண்டாம் பக்கத்தில் 'மேற்படி எதிரி'யும் 'மேற்படி சாட்சி'யும் எனக்குள்ளேயே கைகலப்பில் இறங்கிவிட்டார்கள். ஆகவே, வக்கீல் குமாஸ்தா அண்ணாச்சி ஒருவரிடம் போனோம். முப்பது வருஷம் கட்டுத் தூக்கியவர். டீக்கடைதான் ஆபீஸ்.

"ஹைகோர்ட்டுக்குப் போனா குறைஞ்சுரும்ல சாமி?" என்றார் பெரியம்மா.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "சரவண பவன் கேஸ் ஞாபகம் இருக்கா?"

"சாம்பார்தான் முதல்ல ஞாபகம் வருது அண்ணாச்சி." அவர் சிரிக்கவில்லை.

2001 அக்டோபரில் ஓர் இளைஞரைக் கடத்தினார்கள். அவர் மனைவியைத் தான் மணக்க வேண்டும் என்று ஓட்டல் முதலாளி ராஜகோபால் பிடிவாதமாக நின்றதுதான் காரணம் என்பது வழக்கு. அக்டோபர் 31-ந் தேதி கொடைக்கானல் டைகர் சோலைக் காட்டில் ஒரு சடலம் கிடைத்தது. யாரென்று தெரியாமல் புதைத்தும் விட்டார்கள். பிறகு தோண்டி எடுத்தார்கள். மண்டை ஓட்டின் படத்தையும் உயிரோடிருந்தபோது எடுத்த போட்டோவையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். கண் குழியும் தாடையும் இடம் தவறாமல் உட்கார்கிறதா என்று பார்க்கிற சோதனை அது.

2004-ல் பூந்தமல்லி கோர்ட் தீர்ப்பு சொன்னது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம், 10 வருஷம்.

"அப்பீல் போனாரு. பெரிய பெரிய வக்கீலுக. என்னாச்சு?" அண்ணாச்சி டீயை ஒரு மடக்கு குடித்தார். "2009-ல ஹைகோர்ட், இது கொலையேதான்னு ஆயுள் குடுத்துச்சு. பத்து குறையல, ஏறிருச்சு!"

குற்றவாளி போட்ட அப்பீலை மட்டும் வைத்துத் தண்டனையை ஏற்றிவிட முடியாதாம். அரசுத் தரப்பும் மேலே போயிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டே நோட்டீஸ் கொடுத்து விளக்கம் கேட்டிருக்க வேண்டும். 2009 கடைசியில் வந்த திருத்தத்திற்குப் பிறகு, பாதிக்கப்பட்ட குடும்பமே அப்பீல் போகலாம். விடுதலை செய்துவிட்டாலும் போகலாம், சின்னக் குற்றமாகக் குறைத்துவிட்டாலும் போகலாம்.

ராஜகோபால் சுப்ரீம் கோர்ட்டுக்கும் போனார். டி.என்.ஏ. சோதனை ஏன் செய்யவில்லை, ஒரே விவகாரத்துக்கு இரண்டு எஃப்.ஐ.ஆர். எப்படி என்றெல்லாம் வாதம். முந்தைய கடத்தல் வேறு சம்பவம், இது வேறு என்றது கோர்ட். மற்ற சாட்சியங்கள் சரியாக இருக்கும்போது டி.என்.ஏ. இல்லை என்பதால் வழக்கு விழுந்துவிடாது என்றும் சொன்னது. 2019 மார்ச் 29-ல் ஆயுள் உறுதி. ஜூலையில் ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தார். அதே ஜூலை 18-ல் ஆஸ்பத்திரியில் இறந்தார். கடத்தலிலிருந்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வரை பதினேழரை வருஷம். அந்தப் பெண் அத்தனை வருஷமும் காத்திருந்தாள் என்பதை எவரும் தலைப்பில் போட்டு நான் பார்த்ததில்லை.

பெரியம்மா முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அப்பீலு வேண்டாங்கிறீகளா?"

"நல்லாப் போடுங்க! அது அவன் உரிமை. 60 நாளுக்குள்ள போடணும். உங்க கேஸ்ல ஏற்கெனவே ஆயுள். மேல ஏற பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா குறையும்னு எந்த வக்கீலும் எழுதித் தர முடியாது. ஆறு மாசம்னு சொல்றவன்கிட்டக் காசு குடுக்காதீக. வசதியில்லைன்னா ஜெயில் சூப்பரிண்டெண்ட் மூலமாவே மனு அனுப்பலாம். சட்ட உதவியில வக்கீல் ஓசியாவே வருவாரு. முன்னெல்லாம் மெட்ராஸுக்கு ஓடணும். 2004-ல இருந்துதான் மதுரையிலயே பெஞ்சு இருக்கே!"

தீர்ப்பை வாங்கிப் புரட்டினார். மேல்கோர்ட்டில் பெரும்பாலும் சாட்சியைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். இங்கே பதிவான காகிதம்தான் பேசும் என்றார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"மத்த ரெண்டு பேரை விட்டுட்டாகளே... செத்த பையன் வீட்டுக்காரங்களும் மதுரைக்கு வரலாம்மா. மனசுல வெச்சுக்குங்க."

திரும்பும்போது பஸ்ஸில் எல்லார் மடியிலும் பால்கோவா வாசனை. எங்கள் மடியில் அதே மஞ்சள் பை. வீடு அடகுக்குப் போகவில்லை என்று எனக்கு ஒரு நிம்மதி. பெரியம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை.

ராஜபாளையம் வரப்போகும்போது கேட்டார்: "அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளாய்யா?"

தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தேன். "அரசுத் தரப்பு முதல் சாட்சியே அவங்கதான் பெரியம்மா."

பையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.