எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்றால் என்ன?

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோர் கண்ணும் 'ஈ.எஃப். 60%' என்ற வரியில் போய் நிற்கும். "அப்போ மீதி நாற்பது போயிடுச்சா?" என்று கலங்குகிறவர்கள் ஏராளம். பரீட்சை மார்க் போல அதைப் படிப்பதால் வரும் பயம் இது. அறுபது என்பது நன்றாக இயங்கும் இதயத்தின் எண்.

நூறு ஏன் வராது?

எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் என்பதன் சுருக்கம்தான் ஈ.எஃப். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் உடலுக்குப் போகிறது என்ற கணக்கு இது. அந்த அறையில் சுமார் 120 மி.லி. நிரம்பினால் 70 மி.லி. வெளியேறும், மீதி உள்ளேயே தங்கும். எந்த இதயமும் அறையை முழுதாகக் காலி செய்வதில்லை. பொதுவாக 55 முதல் 70 வரை இயல்பு. 41 முதல் 49 வரை லேசான குறைவு. 40, அதற்கும் கீழே என்றால் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள்.

போன முறை 60, இந்த முறை 57 என்றால் பதற வேண்டாம். அளக்கும் விதத்திலேயே சில புள்ளிகள் கூடும், குறையும்.

குறைந்தது ஏறுமா?

பலருக்கு ஏறுகிறது. மாரடைப்பால் செயலிழந்து நிற்கும் தசையில் ஒரு பகுதி சில வாரங்களில் மீளக்கூடும். பிரசவத்தை ஒட்டி இதயம் பலவீனமான பெண்களிலும் பலர் தேறிவிடுகிறார்கள். மாத்திரைகளின் பங்கு இதில் பெரிது. டாபாகிளிஃபுளோசின் சர்க்கரை நோய்க்காக வந்த மருந்து. இன்று சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் எழுதுகிறார்கள். "எனக்குத்தான் சுகர் இல்லையே" என்று அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

எண் ஐம்பதைத் தாண்டியதும் மாத்திரைகளை விடுவது அதைவிட ஆபத்து. இதயத் தசை நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மருத்துவர் கண்காணிப்பிலேயே மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்தது பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு. ஆறே மாதத்தில் அவர்களில் 40 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு நோய் திரும்பியது.

அறுபது இருந்தும் மூச்சு வாங்கினால்

ரத்தக் குழாய் அடைப்பை ஈ.எஃப். நேரடியாகக் காட்டாது; அடைப்பு இருந்தும் எண் இயல்பாக இருக்கலாம். இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: இதயச் சுவர் விறைத்துப்போய், சுருங்குவது சரியாக இருந்தும் விரிந்து நிரம்ப முடியாத நிலை. இதுவும் இதயச் செயலிழப்புதான். வயதானவர்கள், நெடுநாள் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, உடல் பருமன் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது.

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தட்டையாகப் படுக்க முடியாமல் இரண்டு தலையணை தேடுவது, மாலையில் கால் வீங்கிச் செருப்பு இறுக்குவது, இவையெல்லாம் இருந்தால் ரிப்போர்ட்டில் அறுபது என்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர். அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.