திரைக்குள் தந்தையும் மகனும்

உ.பி.யில் இலவச லேப்டாப் பெட்டியைத் திறந்தவர்களை முதலில் வரவேற்றவர்கள் தலைவர்கள். வர மறுத்தது மின்சாரம்

பையின் மீது முலாயம் சிங் யாதவும் அவருடைய மகன் அகிலேஷும். பையைத் திறந்து, லேப்டாப்பின் மூடியைத் தூக்கி, பொத்தானை அழுத்தினால் திரையிலும் அதே இருவர். 2013 மார்ச் 11 அன்று லக்னோவில் முதல்வர் அகிலேஷ் தொடங்கிவைத்த இலவச லேப்டாப் திட்டத்தில், மாணவர்கள் தங்கள் புது எந்திரத்துடன் அறிமுகமானது இப்படித்தான். முதல் நாளில் மட்டும் சுமார் 10,000 பேருக்கு லேப்டாப் கிடைத்தது.

இதே சமாஜ்வாதி கட்சி 2009 மக்களவைத் தேர்தல் அறிக்கையில் கம்ப்யூட்டரையும் ஆங்கிலக் கல்வியையும் எதிர்த்தது. மூன்றே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. தமிழகத்தில் ஜெயலலிதா 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு லேப்டாப் வழங்கத் தொடங்கியிருந்தார். 2012 சட்டமன்றத் தேர்தலில் சமாஜ்வாதியும் பிளஸ் டூ தேறியவர்களுக்கு லேப்டாப், பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு டேப்லட் என்று வாக்களித்தது. ஆட்சியும் கைக்கு வந்தது. ஹெச்பி நிறுவனத்துக்கு 15 லட்சம் லேப்டாப்களுக்கு ஆர்டர் போனது. ஒன்றின் விலை ரூ. 19,058.

ஆனால் லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுப்பது சுலபம், உயிரூட்டுவதுதான் கஷ்டம். புது எந்திரத்துக்கு முதலில் தேவை சார்ஜ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி உ.பி.யில் விளக்கெரிக்க மின்சாரத்தை நம்பிய வீடுகள் 36.8 சதவீதம் மட்டுமே. தமிழகத்தில் இது 93.4 சதவீதம். அதாவது, சென்னையிலிருந்து லக்னோவுக்குப் போன யோசனையோடு பிளக் பாயின்ட்டும் கூடவே போகவில்லை. செல்போனையே கடைவீதியில் காசு கொடுத்து சார்ஜ் செய்யும் கிராமத்து மாணவருக்கு லேப்டாப்புக்கு மட்டும் வேறு என்ன வழி?

மின்சாரம் இருந்த வீட்டில் அடுத்த கேள்வி மொழி. இந்தி, உருது, ஆங்கிலம் மூன்றிலும் வேலை செய்யும் வசதி இருந்தது. அதுவரை விசைப்பலகையைத் தொடாத விரல்களுக்குச் சொல்லித்தர ஆசிரியர்தான் பெட்டிக்குள் இல்லை.

மூன்றாவது சிக்கல் அந்தப் படம். புது எந்திரம் வாங்கும் எவரும் முதலில் செய்வது, தனக்குப் பிடித்த படத்தைத் திரையில் வைப்பது. இதில் அதற்கு முயன்றால் எந்திரமே முடங்குகிறது என்று அப்போது செய்திகள் வந்தன. கையில் இருப்பது பரிசா, பிரசாரத் தட்டியா என்ற குழப்பம் மாணவருக்கு.

வாக்காளருக்குக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் உ.பி.யின் 80 இடங்களில் சமாஜ்வாதிக்குக் கிடைத்தவை ஐந்து. அடுத்து வந்த மாநில பட்ஜெட்டில் லேப்டாப்புக்குப் பணம் இல்லை. டேப்லட்டோ டெண்டரைத் தாண்டவில்லை.

இருந்தாலும் அந்த யோசனை சாகவில்லை. 2017இல் லேப்டாப் தருவதாகச் சொன்னது பா.ஜ.க.வின் முறை. 2021 டிசம்பர் 25 அன்று யோகி ஆதித்யநாத் அரசு லக்னோவில் டேப்லட்களையும் ஸ்மார்ட்போன்களையும் வழங்கத் தொடங்கியது.

ஆட்சிகள் மாறினாலும் 2013இன் லேப்டாப்கள் கொடுத்த இடத்திலேயே தங்கிவிட்டன. எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதில் விண்ணப்பம் நிரப்பவும் பாடம் படிக்கவும் கற்றுக்கொண்டவருக்கு, திரையில் சிரித்தவர் யார் என்பது ஒரு பொருட்டாக இருந்திருக்காது. கரண்ட் எப்போது வரும் என்பதுதான் அவருடைய கவலை.